ஸ்டானிஸ்லாஸ் காட்டிய சிக்னல்

"மொதல்லயே சொல்ட்டேன், ஜன்னலாண்ட சாக்கட கீது. அதுல நின்னுகினு நான் எப்டியா பேசறது?" என்றாள் அடைக்கலமேரி.

"மூக்கப் பொத்திக்கினு நில்லு."

"மூக்கப் பொத்திக்கினா கொரலு எப்டியா வரும்?"

அதுவும் நியாயம்தான். ஆனால் நியாயம் பார்க்கிற நிலைமையிலா இருந்தான் ஸ்டானிஸ்லாஸ்? ஒரே மகள் ஆலிஸுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ராயபுரத்தில் ஏறி இறங்கிய இரண்டு பள்ளிகளிலும் ஒரே பதில்: "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் தெற்கே இருக்கு. ஹாஸ்டல்ல விட்டுடுங்க."

ஐந்து வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தால் சோறு தொண்டையில் இறங்குமா? அடைக்கலமேரி இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஜூன் மாசம் பாதி போயாகிவிட்டது. மிச்சமிருந்தது கல்மண்டபத்துப் பக்கம் ஞானம் டீச்சர் நடத்தும் இந்தச் சின்னப் பள்ளி ஒன்றுதான். இங்கேயும் கைவிரித்தால் ஹாஸ்டலேதான்.

ஆகையால் பிள்ளைக்குக் காது கேட்காது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு கட்டினார்கள்.

திட்டம் ஸ்டானிஸ்லாஸ் போட்டது. துறைமுகத்தில் அவனுக்கு சிக்னல்மேன் வேலை. கப்பல் கிடங்கின் வாயருகே நின்றுகொண்டு, சரக்குத் தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவனுக்குக் கையால் ஜாடை காட்ட வேண்டும். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயால் கத்தினால் எவன் காதில் விழும்? விரலை மேலே சுழற்றினால் தூக்கு. கீழே சுழற்றினால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் வீசினால் அந்தப் பக்கம் தள்ளு. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் சேர்த்தால் வேலை போதும், சாப்பிடப் போகலாம். வீட்டில் ஆலிஸோடு அவன் பேசியதெல்லாம் இந்த பாஷைதான். வாத்தியாரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் சிக்னல் காட்டுவான். கேள்விக்குப் பதிலை ஜன்னலுக்கு வெளியே இருந்து அடைக்கலமேரி குழந்தைக் குரலில் சொல்வாள். அவ்வளவுதானே!

ஆயா மங்கம்மா உள்ளே கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஞானம் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஆலிஸை மேஜைக்கு எதிரே நிறுத்திவிட்டு அவன் ஓரமாக நகர்ந்ததும் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க, எதுவானாலும் என் எதிர்ல நின்னு பேசணும். முதுகுக்குப் பின்னால பேசறது எனக்கு ஆகாது."

போச்சுடா என்று நினைத்தான். டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சேசுவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. "ஒரே ஒரு செபம் மட்டும் பண்ணிக்கிறேன் டீச்சர்" என்று அங்கே போய் நின்றுகொண்டான். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபம் பண்ணிய முதல் கத்தோலிக்கன் அவனாகத்தான் இருக்கும்.

"உன் பேர் என்ன பாப்பா?"

"ஆலிஸ்" என்றது ஜன்னல்.

டீச்சர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டேனே, பேர் என்ன?"

"ஆலீஸ்ஸ்!" என்று ஜன்னல் அலறியதில் மதில்மேல் இருந்த காக்கை பறந்தது.

டீச்சர் அசையவில்லை. "வாயைத் திறந்து சொல்லு கண்ணு."

பொம்பளை கண்டுபிடித்துவிட்டாள் என்று ஸ்டானிஸ்லாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. பெயரைச் சொல்லும்படி தானே வாயை அகலத் திறந்து ஓசையில்லாமல் அசைத்துக் காட்டினான். ஆலிஸும் அப்படியே வாயசைத்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே அடைக்கலமேரிக்குப் புரையேறி, லொக்கு லொக்கென்று இருமல்தான் வந்தது. சிறுக்கி கெடுத்தாளே குடியை என்று அவன் பல்லைக் கடித்தான்.

"ஆலிஸா? நல்ல பேரு" என்றார் டீச்சர்.

ஸ்டானிஸ்லாஸ் விழித்தான். பிறகுதான் மேஜைமேல் விண்ணப்பத் தாள் இருப்பது கண்ணில் பட்டது. சரிதான், அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

"வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

தொட்டுவிட்டால் வயசு சரி என்று அர்த்தம். எந்தப் பள்ளியிலும் இதுதான் பரீட்சை. ஸ்டானிஸ்லாஸ் விரலை மேலே சுழற்றினான். தூக்கு என்று அப்பா சொன்னால் எதிரே இருப்பதைத் தூக்க வேண்டும், ஆலிஸுக்குத் தெரிந்தது அதுதான். எதிரே மைப்புட்டி இருந்தது. தூக்கினாள்.

ஐயையோ! வேண்டாம் என்று அவன் கையை வீசினான். புட்டி அந்தப் பக்கம் போயிற்று. பதறிப்போய் நெற்றி வியர்வையை வழித்துக் கீழே உதறினான். இறக்கு என்கிறார் அப்பா. பிள்ளை இறக்கினாள், மேஜை முடிந்துபோன இடத்தில். தரையெல்லாம் நீலமாகிவிட்டது.

"தொடைக்கத் துணி எடுத்தாறேன்" என்று மங்கம்மா ஓடினாள்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கையைத் தலைக்கு மேலே வளைத்துத் தன் காதைத் தானே தொட்டுக் காட்டினார். ஆலிஸ் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தாள். விரல் காதைத் தாண்டியே போயிற்று.

சேசுவே, தப்பித்தோம் என்று ஸ்டானிஸ்லாஸ் உருகிப்போய் நெஞ்சுக்கு நேரே கைகூப்பினான்.

ஆலிஸ் உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கே வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று நம்பி அம்மா கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸைத் திறந்து, நெத்திலிக் குழம்பு ஊற்றிய தோசையைப் பிய்க்க ஆரம்பித்தாள். மூடி உருண்டுபோய் மையில் படுத்தது.

இனிமேல் செபம் எதற்கு? ஸ்டானிஸ்லாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான். டீச்சரோ கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சேர்த்துக்கறேன்பா. நாலு நாளா முப்பது பிள்ளைங்களைப் பார்த்தாச்சு. எல்லாம் தரையைப் பார்க்குதுங்க, கூரையைப் பார்க்குதுங்க. உன் பொண்ணு ஒருத்திதான் கண்ணை எடுக்காம நேரா என்னையே பார்த்தா."

அவள் டீச்சரின் தலைக்கு மேலே அப்பனைப் பார்த்தாள் என்பதை யார் சொல்வது? டீச்சர் பதிவேட்டை இழுத்து, குனிந்து பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் அடைக்கலமேரி வந்து நின்றாள். புடவை முழங்கால் வரை சேறு. சந்தோஷப்பட வேண்டியவள் கண் கலங்கி இருந்தாள்.

"யோவ், சொல்லிடுயா" என்றாள் கிசுகிசுப்பாக.

"இன்னாத்த சொல்றது? சீட்டு கெட்ச்சிருச்சு, கம்முனு வா."

"நாளைக்கு நீ இங்க நின்னுகினு கையாட்டுவியா? கூப்ட்டா திரும்பலேன்னு எம்புள்ளய அடிச்சாங்கன்னா? ஏன் அடிக்கிறாங்கன்னுகூட அதுக்குத் தெரியாதேயா!"

ஸ்டானிஸ்லாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தான். இந்த மூன்று நாளாகப் போட்ட திட்டத்தில் அதை ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லையே! மேஜைக்கு எதிரே போய் நின்றான்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. பொய் சொல்லிட்டோம். எம்பொண்ணுக்குக் காது கேக்காது."

பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர்! பொறந்ததுலேர்ந்தே கேக்காது. பேச்சும் வராது."

டீச்சர் தகப்பன் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.

"நல்லாக் கத்திச் சொல்லேன்யா" என்று அடைக்கலமேரியும் உள்ளே வந்துவிட்டாள். "அம்மா! நான்தாம்மா ஜன்னலாண்டேர்ந்து கொரலு குடுத்தேன்! எங்கள இன்னா வேணா திட்டுங்க, புள்ளய மட்டும் ஹாஸ்டலுக்கு அனுப்பாதீங்கம்மா!"

பேனா அடுத்த வரிக்கு இறங்கி மறுபடி ஓடியது.

ஸ்டானிஸ்லாஸுக்கு வந்ததே ஆத்திரம். பொய் சொன்னபோதெல்லாம் சிரித்துக் கேட்ட பொம்பளை, உண்மையைச் சொன்னால் ஏறிட்டுப் பார்க்கவும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

"சீட்டு இருக்கா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன் டீச்சர்!" என்று கப்பலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

மூலையில் மையைத் துடைத்துக்கொண்டிருந்த மங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்கு நைனா தொண்ட கிழியக் கத்திக்கினு கீறே? மேஜையத் தட்டு, நிமிந்து ஒன் வாயப் பார்ப்பாங்கோ; டீச்சரம்மாவுக்குக் காது போயி ஒம்போது வருசமாவுது."