பரோட்டா அக்காவின் வாரப் பகுதி

வடசென்னையில் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோக்களிலேயே, ஏறியவனை இறங்குவதற்குள் திருத்திவிட வேண்டும் என்று ஓடிய ஒரே ஆட்டோ பரோட்டா அக்காவுடையதுதான். பல வருடம் அதில் போய் வந்தவன் நான். திருந்தவில்லை. அலுப்புதான் மிச்சம்.

அக்கா ஜென்மத்தில் பரோட்டா போட்டதில்லை. ராயபுரம் மாதா கோயில் பக்கத்துக்காரர். முன்பு இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வருடம் முழுவதற்கும் பங்கு போட்டு, வாரம் ஒரு பகுதியாக வாசிப்பார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் பராஷா. கண் மங்கிப்போன பெரியவருக்கு அதை இங்கிலீஷில் வாசித்துக் காட்டுவது அக்காவின் வேலை. முடித்ததும் அவர், "சரி, இதுல இன்னைக்கு நம்ம சமையல்கட்டுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பாராம். பதில் வந்தால்தான் சூப்பைத் தொடுவாராம்.

பெரியவர் காலமானார். அக்கா ஊர் திரும்பி ஆட்டோ வாங்கினார். சூப் குடிக்க ஆளில்லாததால் பாடமெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது.

"இந்த வாரம் இன்னா பராஷா தெர்மா?" என்று முதன்முதலாக அவர் கேட்டபோது, பின்சீட்டில் பசியோடு இருந்த வெல்டர் ஒருவர், "எதுவா இருந்தாலும் சால்னா ஊத்திக் குடுக்கா" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

மழைக்காலத்தில், பெருவெள்ளத்துக்குப் பேழை கட்டித் தப்பிய நோவா வருவார். "மழ வந்தப்பாலயா நோவா பேழ கட்டினாரு? வெயில்லயே கட்டினாரு. அத்தொட்டு, பீரோவுல கீற சாமானெல்லாம் இன்னிக்கே பரண்ல ஏத்துங்க" என்றார் அக்கா. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு சடையங்குப்பம் திரும்பும் லட்சுமி, கூடையை மடியில் வைத்தபடி, "எங்க ஏரியாவுல வருசா வருசம் நோவாதான்கா. பேழதான் இன்னும் வரல" என்றாள். அக்கா பேழையை விட்டுவிட்டு ஹாரனை அழுத்தினார்.

கோடையில் தோல் வியாதிப் பகுதி வரும். கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றித் தினமும் புறணி பேசி வரும் இரண்டு பெண்களிடம், "பொரணி பேசினா ஒடம்புல தடிப்பு வரும்னு இதுக்குப் பெரியவங்க அர்த்தம் சொல்லிகீறாங்க" என்றார். மறுநாள் ஒருத்தி முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். வேர்க்குருதான். ஆனாலும் அந்த வாரம் சூப்பர்வைசர் தப்பித்தார்.

எனக்குக் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதும் உத்தியோகம். நாள் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். போகும் வழியில் கொஞ்சம் தூங்கினால் போதும் என்றிருக்கும். அக்கா கண்ணாடியில் பார்த்துவிடுவார். "நைனா, தூங்காத. மோசே மலையேறிகினு கீறாரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டி எடுக்க மாட்டார். கேட்டால், "சனிக்கெயம தாத்தாவுக்கு, ஞாயித்துக்கெயம மாதாவுக்கு" என்பார். தாத்தா என்றால் அந்த ஹைஃபா பெரியவர்; சனி யூதர்களின் ஓய்வு நாள். எங்கள் காதுகளுக்கும் அப்போதுதான் ஓய்வு.

அதே ரூட்டில் ஓட்டும் மோகன் அவருக்கு ஜென்ம விரோதி. அக்கா நிறுத்தப் போகும் இடத்தில் குறுக்கே பாய்ந்து ஆட்களை அள்ளிக்கொள்வான். "கெயவி, பிரசங்கம் பண்ணணும்னா கோயிலுக்குப் போ!" என்று கத்திவிட்டும் போவான். அக்கா திருப்பிச் சொல்வது எந்த வேதத்திலும் இல்லாத வார்த்தை.

மாசி மாதத்தில் ஒரு காலை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற எண்ணூர் நெடுஞ்சாலையில் மோகனின் ஆட்டோ செத்துக் கிடந்தது.

"கண்டுக்காத போங்கக்கா, லேட்டாவுது" என்றேன்.

அக்கா ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "போன வாரமா இருந்தா ஸோக்கா ஹாரன் அட்ச்சிகினு போயிருப்பேன் நைனா. இந்த வாரம்னு பாத்து கயுதப் பகுதி வந்து தொலச்சுகீது."

"இன்னா கயுத?"

"உன்ன பகைச்சவன் கயுத பாரம் தாங்காம வியுந்து கெடந்தா, கண்டுக்காத போவாத, கூட நின்னு தூக்கி வுடுன்னு கீது."

"அது கயுதைக்குக்கா. இது ஆட்டோ."

"தாத்தாகிட்டயும் தான் கயுத இல்ல. சமையக்கட்டுக்கு இன்னா கீதுன்னு கேக்கலையா?" என்று சொல்லி இறங்கினார்.

அருகில் போனதும்தான் தெரிந்தது. மோகன் அன்று சவாரி ஏற்றவில்லை. பின்சீட்டில் அவன் மனைவி செல்வி மடங்கிக் கிடந்தாள். ஆஸ்துமா. மூச்சு விசிலடித்தது. மோகன் வண்டியைக் கிளப்பப் பார்த்து, முடியாமல் அழுதுகொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும், "நீ போ, உன் வேலயப் பாரு" என்றான்.

"வாய மூட்றா. அந்தாண்ட கைய புடி."

நாங்கள் இறங்கிக்கொள்ள, இருவரும் அவளைத் தூக்கி அக்காவின் வண்டியில் கிடத்தினார்கள். "நைனா, இவன் வண்டியப் பாத்துக்க. வுட்டா டயரக் கயட்டிகினு பூடுவானுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா மோகனையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

ஆக, விரோதியின் ஆட்டோவுக்கு நான் காவல். மேனேஜர் போனில், "ஏன்யா லேட்டு?" என்றார். பொய் யோசிக்கக்கூடத் தெம்பில்லை. "ரோட்ல கழுதை விழுந்துடுச்சு சார்" என்றேன். அரை நாள் லீவு போட்டுவிட்டார். பின்சீட்டில் சாய்ந்தவன், அந்தப் புழுதியிலும் ஹாரன் சத்தத்திலும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

மதியம் மோகன் தட்டி எழுப்பினான்.

"செல்வி?"

"மூச்சு வுடுறா. இப்ப பரவால்ல." சட்டையால் முகத்தைத் துடைத்தான். "உங்கக்கா அங்கயே குந்திகினு கீது. போவச் சொன்னா போவ மாட்டேங்குது."

மோகன் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே குறுக்கே பாய்ந்தான். 'கெயவி' மட்டும் 'யக்கா' ஆகியிருந்தது.

இந்த ஆடியில் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். எங்களுக்கு மோகன் வண்டிதான் கதி. எஃப்எம் பாட்டு, உபதேசமே இல்லாத சவாரி, வேண்டுமட்டும் தூக்கம். ஆனால் தூக்கம் வரவில்லை. லட்சுமியும் கூடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று மோகன் பாட்டை நிறுத்தினான்.

"இந்த வாரம் இன்னா பகுதின்னு யாருக்காச்சும் தெர்மா?"

அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இந்த வாரம் வெறும் ஸ்டாப்பிங் பேருதான் நைனா" என்றார் அக்கா. குரல் சோர்ந்திருந்தது. "மோசேவோட ஜனங்க எகிப்துலேர்ந்து கெளம்பி எங்கெங்க நின்னாங்களோ, அம்மாம் எடமும் வருது."

"அதுல இன்னாக்கா பாடம்?" என்றாள் லட்சுமி.

"போய்ச் சேந்த எடத்த மட்டும் எயுதி வுட்டிருக்கலாம். களச்சுப் போய் குந்துன எடத்தயெல்லாம்கூட எயுதி வச்சுகீறாங்க பாரு. இரு, ஒண்ணொண்ணா படிக்கிறேன்."

படிக்க ஆரம்பித்தார். வாயில் நுழையாத பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அதிசயமாக அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரிகூட இல்லை. மோகன் மாட்டுவண்டிபோல உருட்டிக்கொண்டிருந்தான். சீக்கிரம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை.