ஊதினால் போகுமா படர்தாமரை?

டயர் கடை மாடியில் அற்புதம் நடக்கிறது என்று ஊரே பேசியது. படிக்கட்டில் தொடங்கித் தெருமுனை வரை வரிசை. மகானைப் பார்க்க வந்தவர்கள் கை கூப்பத்தான் நினைத்தார்கள். கைக்கு நேரமில்லை. எல்லாரும் சொறிந்துகொண்டே நின்றார்கள்.

மகானின் பெயர் ஊதல் ஐயா. படர்தாமரைக்கு அவர் கண்டுபிடித்த காரணம், பொறாமை. யாரோ வயிறெரிந்து பார்த்த பார்வைதான் தோலில் வட்டமாக வந்து உட்காருகிறதாம். ஏன் வட்டம் என்று கேட்டால், "கண்ணு வட்டமாத்தானே இருக்கு?" என்பார். இதைவிடப் பெரிய விஞ்ஞானம் வேண்டுமா? சின்ன டப்பாவில் இருக்கும் வெள்ளைக் களிம்பின் மேல், கண்ணை மூடி நீளமாக ஊதுவார். களிம்பு இலவசம், ஊதலுக்குத்தான் காசு. தடவினால் சீக்கிரமே அரிப்பு அடங்கும். வேடிக்கை என்னவென்றால், உண்மையாகவே அடங்கும்! ஒரே ஒரு நிபந்தனை: "தடவின இடத்துல தண்ணி படக் கூடாது. பட்டா என் மூச்சு கரைஞ்சிடும்."

வரிசையில் பாதிப் பேர் பக்கத்துச் சலவை ஆலைக்காரர்கள். நாள் முழுக்க நீராவியில் நின்று ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுப்பவர்கள். ஈரம் ஊறிய உடுப்போடு நின்று நின்று, இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரைப் பூஞ்சை குடியேறியிருந்தது. ஊர் அழுக்கையெல்லாம் கொதிநீரில் போட்டு எடுக்கிற இந்தப் புத்திசாலிகள், ஐயாவின் மூச்சு கரைந்துவிடுமே என்று தங்கள் இடுப்பைக் கழுவுவதை நிறுத்தினார்கள். மூச்சில் ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று வீட்டுக்கு ஒரே துண்டை வைத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். மூச்சு பரவியதோ இல்லையோ, பூஞ்சை வஞ்சனை இல்லாமல் பரவியது.

அந்த ஆலையில் இஸ்திரி போடும் பெண்ணின் வீட்டிலும் ஒரே துண்டுதான். அவளுடைய கைக்குழந்தையின் கன்னத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் வந்தது. களிம்பைத் தடவினாள், மங்கியது. நிறுத்தினாள், பெரிதாக வந்தது. மறுபடி தடவினாள். இப்போது வட்டம் கண்ணோரம் வரை போய்விட்டது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, உள்ளே சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன.

அவளுடைய நாத்தனார் ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு நர்ஸ். குழந்தையைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்ன மருந்துன்னே தெரியாம பிள்ளை முகத்துல பூசியிருக்கீங்களே அண்ணி! வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

"நான் எது செஞ்சாலும் உனக்குக் குத்தம்தான். தடவினா அடங்குதே?"

"அடங்கினது ஏன் திரும்பி வருது?"

"ஐயா ஊதினது தீர்ந்துபோச்சு. இன்னைக்குப் போய் ஊதிக்கிட்டு வரப்போறேன்."

நாத்தனார் சொல்லுக்கு எந்த வீட்டில் மதிப்பு இருந்திருக்கிறது? நர்ஸ் கூடவே கிளம்பினாள்.

மாடியில் ஐயா மார்தட்டிக்கொண்டிருந்தார். "என் சக்திக்கு வேற சாட்சி வேணுமா? இந்தக் கூட்டத்தைப் பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று நர்ஸ் முன்னால் வந்தாள். "ஒரு சின்னச் சந்தேகம். முதல் தடவையா வந்தவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

மூலையில் ஒரே ஒரு கை எழுந்தது.

"அப்ப மத்தவங்க எல்லாம் ஏற்கெனவே குணமானவங்க. அப்புறம் எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

ஆலையில் மூட்டை தூக்கும் லோடுமேன் தொண்டையைக் கனைத்தார். "சும்மா... ஐயாவைப் பாத்துட்டுப் போகலாம்னு..."

"இருக்கட்டும் அண்ணே. முதல்ல இருந்ததைவிட வட்டம் பெருசானவங்க கை தூக்குங்க."

லோடுமேன் கைதான் முதலில் எழுந்தது. சட்டைக் கை நழுவ, அக்குளிலிருந்து முழங்கை வரை வட்டங்கள். அப்புறம் இன்னொரு கை. அப்புறம் அறை முழுக்கக் கைகள். இஸ்திரிப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு தன் கையையும் தூக்கினாள். நாத்தனார் முன்னால் தோற்கிறோமே என்ற வெட்கம் அவளுக்கு இல்லை. பிள்ளையின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பிக்கை குறைஞ்சவங்களுக்குத்தான் பெருசாகும்!" என்று ஐயா கத்தினார்.

"என் பிள்ளைக்கு இன்னும் பேச்சே வரலை. அதுக்கு எப்படிய்யா நம்பிக்கை குறைஞ்சுது?" என்று இஸ்திரிப் பெண் பாய்ந்தாள்.

அப்படி என்னதான் களிம்பு இது என்று லோடுமேன் போய் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தார். சாக்குச் சாக்காகப் பிதுக்கிப் போட்ட ட்யூப்கள். எல்லாம் மருந்துக் கடைச் சரக்கு. நர்ஸ் ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கி வச்சிடும். பூஞ்சை பாட்டுக்குச் சத்தமில்லாம பரவும், தோலும் மெலிஞ்சுபோகும். பூஞ்சையைக் கொல்ல வேற மருந்து இருக்கு. டாக்டர் பாத்துக் குடுக்கிறதை வட்டத்துக்கு வெளியவும் கொஞ்சம் சேத்துத் தடவணும். மறைஞ்சிடுச்சேன்னு பாதியில விடக் கூடாது. குளிச்சு ஈரம் போகத் துடைக்கணும், ஆளுக்கொரு துண்டு வச்சுக்கணும். யாரும் ஊத வேண்டாம்."

ஐயா அதற்குள் பின்படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டார். செருப்பை விட்டுவிட்டார், கல்லாப்பெட்டியை விடவில்லை.

லோடுமேன் ஒரு ட்யூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அப்ப ஐயா இல்லாமலே இதைக் கடையில வாங்கிக்கலாமா?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

குழந்தையின் கன்னம் தேற வெகு நாளானது. களிம்பை நிறுத்தியதும் முதலில் இன்னும் சிவந்து தாயை அழவைத்தது. அழுதுகொண்டே டாக்டர் சொன்னதை விடாமல் செய்தாள். தெளிந்த கன்னத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள்.

"அடேயப்பா! எந்த ஐயாகிட்ட ஊதிக்கிட்டீங்க?"

"எந்த ஐயாவும் இல்லை. என் நாத்தனார்தான் காரணம்."

"அப்படியா! அவங்க என்னைக்கு ஊதுவாங்க?"

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அம்மா. இந்த ஊதல் நம்பிக்கைக்கு நீங்களாகத்தான் யோசித்தாக வேண்டும்.