முதல் கைதட்டல்

"பழக்கதோஷத்தால்" என்ற சொல்லைத் தலைவர் ஏரம்பமூர்த்தி சிவப்புப் பேனாவால் அடித்த வேகத்தில் மன்னிப்புக் கடிதம் கிழிந்தது.

"பழக்கதோஷமா? எங்கே பழகினாய்? இந்த மன்றத்தில்தானே பழகினாய்? பழியைத் தூக்கி மன்றத்தின் தலையில் வைக்கிறாயா?"

கடிதத்தை எழுதிய சுகுமாறன் கிழிந்த தாளை எடுத்து மடித்தார்.

நடந்தது இதுதான். தம்போய் தமிழன்பர் மன்றத்தின் புரவலர், டத்தோ பட்டம் பெற்ற ரவீந்திரன் காலமாகி, போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். பத்தொன்பது வருடமாக மன்றத்தில் மைக் பிடிக்கும் சுகுமாறன், "டத்தோ நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார்" என்று தழுதழுத்துச் சற்று நிறுத்தினார். நிறுத்திய இடத்திலிருந்து வாய் தானாகத் தொடர்ந்தது: "இந்த நல்ல தருணத்தில் பலத்த கரவொலி எழுப்புவோம்."

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்வரிசையில் இடப்பக்கமிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. அடுத்த நொடி மண்டபமே தட்டியது. நூற்றிருபது பேர். உயிரோடு இருந்தபோது டத்தோ மேடையில் பேச்சுக்கு நடுவே ஓர் இருமல் இருமுவார். அங்கே கைதட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இருமலுக்குக்கூட இவ்வளவு சத்தம் எழுந்ததில்லை.

"சரியான சொல்லைப் போட்டு மன்னிப்புக் கடிதம் எழுதி வா. இல்லையென்றால் அடுத்த மாதம் உன் மகள் கல்யாணத்துக்கு மன்ற மண்டபம் கிடையாது."

வீட்டில் மனைவி கோமளா சட்டியை இறக்கி வைத்த சத்தத்திலேயே செய்தி வந்துவிட்டது தெரிந்தது.

"கார்டு எல்லாருக்கும் கொடுத்தாச்சு. கார்டுல மண்டபம் பேரு இருக்கு. கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு நிக்க முடியலியா உங்களுக்கு?"

"அது தானா வந்துச்சுடி."

"மைக்க பார்த்தா தானா வருது. கடைக்குப் போயிட்டு வாங்கன்னா மட்டும் தானா வரமாட்டேங்குது."

மறுநாள் "வாய் தவறி" என்று எழுதிக்கொண்டு போனார். செயற்குழுவே உட்கார்ந்திருந்தது. துணைத்தலைவர் மோகனதாஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர், தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"வாய் தவறியது ஒருவருக்கு. அப்புறம் நூற்றிருபது பேருக்குக் கை தவறியதே, அதற்கு என்ன எழுதுவது?"

"மற்றவர்கள் கையைப் பற்றி இங்கே பேச்சில்லை," என்றார் தலைவர்.

சுகுமாறனுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. கைப்பேசியை எடுத்து அன்றைய வீடியோவை ஓடவிட்டு மேசை மேல் வைத்தார். மேடை நடுவில் தலைவர் ஏரம்பமூர்த்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"இது அனிச்சைச் செயல். மூளைக்குத் தகவல் போகுமுன் முதுகுத்தண்டே முடிவெடுத்துவிடும். அறிவியல்."

"சரி தலைவரே. நானும் அனிச்சைன்னே எழுதிடுறேன்."

"நீ எப்படி எழுதலாம்? உன்னுடையது அலட்சியம்."

"அப்ப துணைத்தலைவரு தட்டினது?"

"நான் தட்டியது உள்ளுணர்வு," என்று மோகனதாஸ் அவசரமாகச் சொன்னார். செயலாளர் தன்னியக்கத்தை எடுத்துக்கொண்டார். பொருளாளருக்கு நல்ல சொல் எதுவும் மிஞ்சவில்லை; தான் கொசு அடித்ததாகச் சொல்லிவிட்டார்.

பதவிக்கு ஒரு சொல் என்று பங்கு பிரித்த பிறகு, மைக் பிடிப்பவனுக்கு அலட்சியம்தான் இருந்தது. சுகுமாறன் வாசலுக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, அந்த வீடியோவை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் வீடியோ சிம்பாங் ரெங்கம் ஊருக்குப் போய், யாரோ அதற்கு உறுமி மேளம் சேர்த்து, பெக்கான் நானாஸ் வரை எட்டிவிட்டது. அங்கிருந்து மாப்பிள்ளையின் அப்பா சபாபதி கூப்பிட்டார்.

"சம்பந்தி, பார்த்தேன். குரலு நல்லா இருக்கு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் நீங்க மைக் பக்கம் வராம இருங்க, போதும் லா. மண்டபம் இருக்குதானே?"

"இருக்கு சம்பந்தி," என்று சுகுமாறன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவரின் அழைப்பும் வந்தது.

"என் பேரனே எனக்கு அனுப்புகிறான், உறுமியோடு. நாளைக் காலை டத்தின் ஞானேஸ்வரி வீட்டுக்கு வா. கடிதத்தை நானே எழுதிவிட்டேன். அந்த அம்மா மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டால் மண்டபம். இல்லையென்றால் உன் மகளுக்கு ரோட்டில் பந்தல் போட்டுக்கொள்."

டத்தோவின் மனைவி ஞானேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் டத்தோவின் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தவர்; ஒரு கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவர் நின்றுகொண்டே வாசித்தார்.

"அறிவிப்பாளர் சுகுமாறனின் மன்னிக்க முடியாத அலட்சியத்தாலும், அதனால் அவையோரிடம் எழுந்த அனிச்சையாலும் தங்கள் துயரம் அவமதிக்கப்பட்டது. முதலில் கைதட்டிய இழிபிறவியைக் கண்டுபிடிக்க விசாரணைக்குழு அமைக்கப்படும்."

"அனிச்சைன்னா என்ன தலைவரே?"

"நம் விருப்பம் இல்லாமல், யோசிக்காமல், உடம்பு தானாகச் செய்வது, டத்தின்."

"ஓ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "மன்னிக்க முடியாத அலட்சியத்தாலும்" என்ற சொற்களை ஒரு கோடு இழுத்து அடித்தார். பிறகு கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, சுகுமாறன் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுங்க தம்பி."

"கண்டிப்பா வாங்கம்மா."

"டத்தின், தாங்கள் பெருந்தன்மையோடு விட்டாலும் நாங்கள் விடமாட்டோம்," என்றார் தலைவர் மூச்சு வாங்க. "அந்த முதல் கைதட்டல்..."

ஞானேஸ்வரி இன்னொரு ரம்புத்தானை எடுத்தார்.

"அவரு இருமினப்பல்லாம் முப்பத்தஞ்சு வருஷமா தட்டினேனே, அதுக்கு வச்சுக்குங்க தலைவரே அந்த அனிச்சைய. அன்னிக்கு மொதல்ல தட்டினேன் பாருங்க, அது ஒண்ணுதான் நானா தட்டினது."