கீரிக்கு வைத்த சிலை

ஒரு காட்டில், இ-சேவை மையம் திறந்து மூன்று மழைக்காலம் கழிந்த பிறகு, நாச்சி என்றொரு கீரிப்பெண் இருந்தாள். வயது சின்னது, வித்தை பெரிது. எழுபது மீட்டர் தள்ளி நின்று, காற்றிலாடும் நாவற்பழத்தின் காம்பை மட்டும் அம்பால் அறுப்பாள். பக்கத்துக் காட்டு வில்வித்தைப் போட்டியில் தங்கம் வாங்கி வந்தாள்.

காட்டுத் தலைவர் எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பிள்ளைக்கு உடனே சிலை வைக்கணும்!" என்றார்.

சிற்பி யானையிடம், ஆர்டர் ரத்தாகிப்போன கரடிச் சிலை ஒன்று கையில் குடையோடு சும்மா நின்றது. யானையார் குடைத்துணியைப் பிய்த்தெறிந்து கம்பியை வளைத்தார், வில்லாயிற்று. கீழே 'வில் வீராங்கனை நாச்சி' என்று பொறித்தார்.

திறப்பு விழாவில் நாச்சி மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, இது கரடி இல்லீங்களா?"

"பேரும் புகழும் வந்தா உடம்பு போடத்தானே செய்யும், கண்ணு!" என்றார் தலைவர்.

எல்லோரும் கைதட்டினார்கள். நாச்சியும் தட்டினாள்.

அடுத்த மாதம் ஏழுகாட்டுப் போட்டி. பெயர் கொடுக்க இ-சேவை மையத்தில் அரைநாள் வரிசையில் நின்றாள். கவுண்டரிலிருந்த ஓணான் அவளைப் பார்த்தார், ஜன்னல் வழியே சிலையைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"முகம் ஒத்துப்போகலியேம்மா."

"நான்தான் சார் நாச்சி. எதை வேணா காட்டுங்க, அடிச்சுக் காட்டுறேன்."

"அடிக்கிறவங்க ஆயிரம் பேர் வருவாங்க. சிலை ஒண்ணுதானே இருக்கு? தேன் கீன் சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க."

நாச்சி பத்து நாள் தேன் குடித்தாள். கறுப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டாள். வயிறு கெட்டதுதான் மிச்சம். கம்பளிக்குள் கையை மடக்கி நாணைக்கூட இழுக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அப்படியே போய் நின்றதற்கு, "மூக்கு இடிக்குது" என்றார் ஓணான்.

கடைசி நாளும் வந்துவிட்டது. முகம் நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது சிலைக்கு மட்டும்தான். அதையே வண்டியில் ஏற்றிப் போட்டிக்கு அனுப்பினார்கள்.

போட்டியில் சிறுத்தை ஓர் அம்பைத் தவறவிட்டது. குரங்கு இரண்டை. நடுவர் ஆந்தை ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சிலை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தங்கம் சிலைக்கே.

"அது அம்பே விடலையே!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் நாச்சி.

"அதான் நிதானம்" என்று பக்கத்திலிருந்த முயல் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தலைவர் நாச்சியைக் கைவிடவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை போட்டுக் கொடுத்தார். சிலைமேல் எச்சமிடும் காக்கைகளை விரட்டும் வேலை. முதல் நாளே, பறந்து வந்த காக்கையின் வாலில் ஒற்றை இறகை மட்டும், அதற்கு வலிக்காமல், அம்பால் பறித்தாள். அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள்.

செல்ஃபி எடுக்க வந்திருந்த மான் கைபேசியை ஆட்டியது. "ஏம்மா கீரி, கொஞ்சம் தள்ளி நில்லு. நாச்சியை மறைக்கிற."

நீதி: விட்ட அம்புதான் தவறும். ஆகவே புகழ் வேண்டுவோர் வில்லைப் பிடித்தபடி அசையாமல் நிற்கவும். காக்கை ஓட்ட, குறி தவறாத ஆள் போடப்படும்.