கப்டன் வீட்டுப் பைப்

“டிக்” என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தன் மணிக்கட்டு எலும்புதான் முறிந்துவிட்டது என்று நினைத்து முருகேசு ஒரு கணம் ஆறுதலடைந்தார். குனிந்து பார்த்தபோது கை சுகமாக இருந்தது. செல்வநாயகி டீச்சர் துப்புரவாக்கத் தந்த பைப்தான் கழுத்தில் வெடித்திருந்தது.

முருகேசு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். சண்டிலிப்பாயில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் பழைய மொடல் புகைபிடிக்கும் பைப்புகளைச் சேர்ப்பதும் செய்வதும்தான் இப்போது அவருக்கு வேலை. சும்மா மரத்தில் செய்தால் பைப் எரிந்துவிடும். பிரையர் என்றொரு பற்றைச்செடியின் வேர்முண்டு வேண்டும். அதை இத்தாலியிலிருந்து பார்சலில் எடுப்பார். கொட்டில் சுவரில் நாற்பத்தொரு பைப்புகள் தொங்கின. ஒன்றையும் அவர் புகைத்ததில்லை. சாம்பிராணிப் புகைக்கே இருமுகிற மனிதர்.

“பைப் திருத்தித் தரப்படும்” என்று கேற்றில் பலகை மாட்டியதும் முதல் மாதம் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் தண்ணீர் மோட்டர்க் குழாயோடு வந்தார்கள்.

ஏழாவதாக வந்தவர் டீச்சர். பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையை முப்பது வருடம் பார்வையாலேயே நடத்திய அதிபர். முருகேசுவின் மனைவி பத்மாசினி அங்கே படித்தவள். கேற்றடியில் டீச்சரைக் கண்டதும் அவள் ஓடிப்போய் இரட்டைப் பின்னல் கட்டாத குறை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

“அவர் கப்பலிலை கப்டனா இருக்கேக்கை நேப்பிள்ஸிலை வாங்கிக்கொண்டு வந்தவர். நாப்பது வருசம் வீட்டிலை இருக்குது. இப்ப காத்து அடைக்குது. துப்புரவாக்கித் தாரும், தம்பி” என்றார் டீச்சர். “வியாழக்கிழமை அவரின்ரை திவசம். வீடு நிறையச் சனம் வரும். அதுக்கு முந்தி எனக்கு இது வேணும்.”

முருகேசு உருகிப்போனார். புருஷனுடைய பைப்பை நாற்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாளே ஒரு மனுஷி! ஊதுகிற வாய்த்தண்டில் இரண்டு முன்பற்கள் பதிந்த பள்ளம்கூட அப்படியே இருந்தது.

அந்தப் பைப்தான் சனிக்கிழமை காலை வெடித்தது.

முருகேசு பசை வைத்தார். பசை உள்ளே வழிந்து புகைத் துவாரத்தை அடைத்தது. அடைப்பை எடுக்கத் துளைகருவியை விட்டார். புகையிலை அடைக்கும் கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. ஒரு வெடிப்பைப் பார்த்துக் கவலைப்பட்ட மனிதர், இப்போது அந்த ஒரு வெடிப்பு எவ்வளவு நல்லது என்று ஏங்கினார்.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது.

“தம்பி, முடிஞ்சுதோ?”

“காயுது, டீச்சர்.”

“கெதியாப் பாரும். மேசையிலை அது இல்லாமல் எனக்குக் கை நடுங்குது. நித்திரையும் இல்லை. சாப்பாடும் இறங்குதில்லை.”

முருகேசு ரெலிபோனை வைத்தார். தான் செத்தால் பத்மாசினி தன்னுடைய எதையாவது நாற்பது வருடம் வைத்திருப்பாளா என்று யோசித்தார். நாற்பத்தொரு பைப்பும் எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அடுப்புக்குள் போகும் என்று தெரிந்தது.

அவரிடம் கடைசியாக ஒரேயொரு பிரையர் முண்டு இருந்தது. நெருப்புச் சுவாலைபோலக் கோடுகள் ஓடும் அருமையான முண்டு. ஒரு பெரிய வேலைக்கென்று இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினார். திங்கட்கிழமை மத்தியானம் டீச்சரின் பைப் அச்சொட்டாக மறுபடி பிறந்தது. பழைய வாய்த்தண்டு மட்டும் முறியாமல் இருந்ததால் அதையே பொருத்தினார்.

ஒரே ஒரு குறை. பைப் நேற்றுப் பிறந்த குழந்தைபோல மினுங்கியது. சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்து நிறத்தை மங்கவைத்தார். உள்ளே நாற்பது வருடக் கரி வேண்டுமே? அதற்குப் புகைத்துத்தான் ஆகவேண்டும்.

முருகேசு கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்க்கையில் முதல்தடவையாகப் பற்றவைத்தார். மூன்றாவது இழுவையில் சுவரிலிருந்த நாற்பத்தொரு பைப்பும் எண்பத்திரண்டாகின. வெளியே ஓடி வாழையடியில் சத்தியெடுத்தார்.

பத்மாசினி அகப்பையோடு வந்து நின்றாள். “இஞ்சாருங்கோ, உதென்ன மணம்?”

“புகை... நான் இல்லை.”

“பின்னை ஆர், வைரவரோ சுருட்டுப் பத்தினவர்? அறுபத்திமூண்டு வயசிலை விசரே உங்களுக்கு?”

“டீச்சருக்காகத்தானப்பா!”

“டீச்சரை உதுக்குள்ளை இழுத்தியளெண்டா நாக்கு அழுகும். அவ ஒரு தெய்வம்” என்றவள், அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

வேறு வழியில்லாமல் முருகேசு அடுத்த வளவுப் பஞ்சலிங்கத்திடம் போனார். பஞ்சலிங்கம் புகையிலைத் தோட்டக்காரன். பகல் முழுக்க வாயில் சுருட்டு இருக்கும். சாப்பிடும்போது காதில் இருக்கும்.

“ஒரு நாளைக்கு இதைப் பத்தித் தா, பஞ்சலிங்கம். உள்ளுக்குக் கரி பிடிக்கவேணும்.”

“உதொரு வேலையே, அண்ணை? தாங்கோ.”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனபோது பஞ்சலிங்கம் வீட்டில் இல்லை. பைப்பும் இல்லை. அளவெட்டியில் நாதஸ்வரக் கச்சேரி கேட்கப் போய்விட்டானாம். புதன்கிழமை காலையில் அவனே வந்தான். கிண்ணத்தில் கரி அருமையாகப் பிடித்திருந்தது. ஆனால் வாய்த்தண்டின் முனையைக் காணவில்லை.

“தவில் தனியாவர்த்தனம், அண்ணை” என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. “தாளத்துக்குக் கடிச்சுப் போட்டன்.”

மிச்சமிருந்த ஒரேயொரு அசல் துண்டும் போயிற்று. கப்டனின் பற்கள் பதிந்த துண்டு!

முருகேசு சுவரைப் பார்த்தார். அங்கே 1934ஆம் ஆண்டு லண்டனில் செய்த பைப் தொங்கியது. அவருடைய சேகரிப்பின் ராஜா. அதன் வாய்த்தண்டுதான் அளவாக இருக்கும். அதைக் கழற்றும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கழற்றினார்.

இனிப் பல்லுப் பள்ளம். அவருடைய மேல்பல் வரிசை கட்டுப்பல். கடித்தால் அது வழுக்கியது. எனவே கட்டுப்பல்லைக் கழற்றி, தண்டின்மேல் வைத்து, சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பள்ளம் அற்புதமாக விழுந்தது. கட்டுப்பல் இரண்டாக உடைந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் முருகேசு பொக்கை வாயோடு பஸ் ஏறிப் பருத்தித்துறையில் இறங்கினார். டீச்சர் வீட்டு விறாந்தையிலே சமையல் கிடாரங்கள் வந்து இறங்கியிருந்தன. கூடத்தில் தொப்பி வைத்த கப்டன் படத்திலிருந்து முருகேசுவையே முறைத்தார்.

டீச்சர் ஏறக்குறைய பறித்துக்கொண்டார். பைப்பைக் கையில் வைத்து நிறை பார்த்தார். கிண்ணத்தை மூக்கடியில் பிடித்தார். நீண்ட நேரம் பிடித்தார்.

“மணம் மாறியிருக்கு.”

“துப்புரவாக்கினது, தீத்தர்” என்றார் முருகேசு. பல்லில்லாமல் அவ்வளவுதான் வந்தது.

டீச்சரின் பெருவிரல் தண்டிலிருந்த பள்ளத்தைத் தடவியது. அவர் கண்கள் கலங்கின. “பரவாயில்லை. ஆறு நாள், தம்பி! நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உதுகளை ஆருக்கும் சொல்லி அழவும் ஏலாது.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “தயாளினி, தம்பிக்குத் தேத்தண்ணி குடு. சனம் வர முந்தி நான் கொஞ்சநேரம் தனிய இருக்கப்போறன். ஒருத்தரும் தட்டக்கூடாது.”

அறைக்கதவு சாத்தப்பட்டது. கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

தேத்தண்ணி முருகேசுவுக்கு இறங்கவில்லை. உள்ளே ஒரு விதவை, தன் புருஷன் கடித்ததென்று நம்பி, சுத்தியலடி பட்ட தண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே கப்டன் முறைக்கிறார். முருகேசு கோப்பையை வைத்துவிட்டுத் தயாளினியின் முன் கைகூப்பி, பொக்கை வாயால் ஒவ்வொரு சொல்லாக உருட்டிச் சொன்னார்.

“பிள்ளை, நான் பெரிய பாவம் செய்துபோட்டன். அது உங்கடை அப்பா பத்தின பைப் இல்லை. அது என்ரை கையாலை உடைஞ்சு போச்சு. உது நான் செய்தது. கரி பஞ்சலிங்கத்தின்ரை, பல்லு என்ரை. அம்மா உள்ளுக்கை அப்பாவை நினைச்சு அழுகிறா. நான் எப்பிடி அந்த முகத்திலை முழிக்கிறது?”

தயாளினி அறைக்கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா சீவியத்திலை ஒருநாளும் புகைச்சதில்லை, அங்கிள். பைப் பத்துறது அம்மா.”