பெரியம்மா சேற்றைக் கடந்த சனிக்கிழமை

மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கியவன் எவனையும் கல்யாணம் முடியும்வரை ஸ்பேனர் பக்கம் விடக் கூடாது. ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, அடிபட்டுச் சொல்கிறேன். (உண்மையில் அடிபட்டது நான் இல்லை, என் மாமனார். எங்கே பட்டது என்பது போகப் போகத் தெரியும்.)

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. கீழ்க்கட்டளையில் வீடு, குரோம்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் வேலை. நாள் முழுக்கப் பேப்பரில் பல்சக்கரம் வரைவேன். நிஜப் பல்சக்கரத்தைத் தொட்டதே கிடையாது. இந்த யோக்கியதையோடு, ராஜகீழ்ப்பாக்கம் தேவசகாயம் சாரின் மகள் ஷீலாவுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள்.

சார் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். அதிகம் பேச மாட்டார். அவரிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் புரொபசர் விட்டுவிட்டுப் போனது. இடது பக்கம் ஸ்டியரிங், முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட்டு. வீட்டில் அதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர். பெரிய உடம்பு, ஓயாத முனகல், ஆனாலும் அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு விசேஷமும் நடக்காது. ஷீலா கல்யாணத்தன்று பெரியம்மாவில்தான் தாம்பரம் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று சார் ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரே ஒரு சிக்கல். கல்யாணம் நவம்பரில். சாரின் தெருவோ புது லேஅவுட். மழை பெய்தால் தெரு இருந்த இடத்தில் சேறு இருக்கும். அந்தக் காரின் பின் அச்சில், எஞ்சினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஓர் அபூர்வமான டிஃபரன்ஷியல் உண்டு. உள்ளே வரிசையாகத் தகடுகளை அழுத்தி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்தத் தகடுகளின் பிடியில் மற்ற சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இருபத்தைந்து வருஷ ஓட்டத்தில் தகடுகள் தேய்ந்து பிடியே போயிருந்தது.

“ரெண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளின வண்டி தம்பி,” என்றார் சார். “இப்ப ஒண்ணு சும்மா சுத்துது, இன்னொண்ணு வேடிக்கை பாக்குது.”

நான் வாயை மூடிக்கொண்டு தட்டிலிருந்த போண்டாவைத் தின்றிருக்கலாம். ஷீலா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே!

“நான் சரி பண்ணித் தர்றேன் அங்கிள்.”

“பழக்கம் உண்டா?”

“என் லைனே அதுதான் அங்கிள்.” (என் லைன் பென்சில் லைன்.)

ஷீலா மட்டும் வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்: “நிஜமாவே தெரியுமா?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த மூன்று வாரம் ஆபீஸ் விட்டதும் பெரியம்மாவின் அடியில் கிடந்தேன். சாரிடம் அந்தக் காரின் புத்தகம் இருந்தது. பாட்டுப் புத்தகம் போலப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு வைத்திருந்தார். படங்களை மட்டும் பார்த்தேன். எழுத்தெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று ஓர் எண்ணம்.

புதுத் தகடு இந்தியாவிலேயே கிடைக்காது. தேய்ந்த தகடுகளுக்குப் பின்னால் மெல்லிய எஃகு வளையம் வைத்து இறுக்கிவிடலாம் என்று முடிவு செய்து, பல்லாவரத்தில் லேத் வைத்திருந்த மணி அண்ணனிடம் அளவு எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், இம்மாந் தடிமன் கேக்குறே? ரெண்டு சக்கரமும் ஒண்ணா பூட்டிக்கும் சார்.”

“அதுதான் அண்ணே வேணும். நல்லா இறுகட்டும்.”

“படிச்சவரு சொல்றே, போட்டுத் தாரேன். அப்பால என்னாண்ட வந்து பேஜார் பண்ணக் கூடாது, ஆமா.”

இதற்கிடையில் சர்ச்சில் எங்கள் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று போதகர் அறிவிப்பார். இவர்கள் சேரக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் எழுந்து சொல்லலாம். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதுக்கு முந்தின சனிக்கிழமை வேலையை முடித்தேன்.

“சத்தமில்லாம சுத்துதான்னு பாத்துடலாமா அங்கிள்?”

வழக்கம்போல இடது பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பிரிப்பதற்கு முன் இதே மாதிரி பத்து தடவை சுழற்றிக் காட்டியிருக்கிறேன். கியர் போட்டால் தூக்கிய சக்கரம் காற்றில் சமர்த்தாகச் சுழலும், தரையிலிருக்கும் சக்கரம் வேடிக்கை பார்க்கும். ஏன் வேடிக்கை பார்த்தது? தகடு தேய்ந்திருந்ததால். இப்போது தகடுகளுக்கு என்ன ஆகியிருந்தது? நான் இறுக்கியிருந்தேன். இவ்வளவுதான் விஷயம். ஒரு டிப்ளமாக்காரனுக்கு இது உறைக்கவில்லை.

முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். சார் சத்தம் கேட்பதற்காகப் பின்சக்கரத்தின் அருகே குந்தினார். அவருக்குப் பின்னால் நான் வடித்து வைத்திருந்த பழைய கியர் ஆயில், ஓர் அலுமினியப் பேசினில். எஞ்சின் குளிர்ந்திருந்ததால் சோக்கை நன்றாக இழுத்து ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் உறுமியது. முதல் கியர். கிளட்ச்சை விட்டேன்.

தரையிலிருந்த சக்கரம் பிடித்தது.

செங்கல் பொடியானது. ஜாக்கி பறந்தது. பெரியம்மா பொத்தென்று இறங்கி ஒரே பாய்ச்சல். கல்யாணத்துக்காக அந்த ரெக்சின் சீட்டை சார் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். நான் ஸ்டியரிங்கிலிருந்து வழுக்கி அந்தக் கோடிக் கதவுக்குப் போய்விட்டேன். டிரைவர் இல்லாமலே பெரியம்மா கொடியில் காய்ந்த சாரின் வேட்டியை முகத்தில் வாங்கிக்கொண்டு, ஒற்றைச் செங்கல் காம்பவுண்டு சுவரை இடித்து, பக்கத்துக் காலி மனைச் சேற்றில் இறங்கினாள்.

மனுஷன் செருப்போடு இறங்கினால் செருப்பு திரும்பி வராத சேறு அது. பெரியம்மா தயங்கவே இல்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ள, இரண்டு எருமைகள் எழுந்து வழிவிட, மனையை நேர்கோட்டில் கடந்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர் அதுதான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை. ‘கர்த்தாவே!’ என்று கத்திக்கொண்டு சீட்டில் தவழ்ந்து வந்து சாவியைத் திருகியபோது, எதிர்க்கரையில் மொபெட்டை நிறுத்திவிட்டு எங்கள் போதகர் நின்றிருந்தார். கல்யாணப் பாட்டுகளைப் பற்றிப் பேச வந்தவர்.

“பிரேக் இல்லையா தம்பி?”

“பிரேக் இருக்கு ஐயா. நான்தான் அந்தப் பக்கம் இல்லை.”

திரும்பி ஓடினேன். சார் கியர் ஆயில் பேசினில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த வேகத்தில் பேசின் நசுங்கி அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷீலாவும் அவள் அம்மாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து எழுப்பினார்கள். சார் என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“திட்டிட்டாருன்னா சரியாயிடும்,” என்றாள் ஷீலா. அவள் கண் கலங்கியிருந்தது. “இப்படி இருந்தா என்ன பண்ணுவாருன்னு எனக்கே தெரியாது. நாளைக்கு மூணாவது ஓலை வேற.”

அன்று ராத்திரி முழுக்க, ஷீலா எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சார் மூன்றாவது வரிசை ஓரத்தில், ஒரு தலையணை மேல் சாய்ந்தாற்போல் அமர்ந்திருந்தார். மூன்று தடவை குளித்தும் கியர் ஆயில் வாசனை போகவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை. போதகர் எங்கள் பெயர்களைப் படித்தார். “இது மூன்றாம் முறை,” என்றார். “தடை ஏதேனும் அறிந்தவர்கள்...”

சார் எழுந்து நின்றார்.

சர்ச்சே அவரைத் திரும்பிப் பார்த்தது. பாடகர் குழுவில் யாரோ “ஐயையோ” என்றார்கள். என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

“சார்...” என்றார் போதகர். “ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணுமில்லை ஐயா. உக்கார முடியலை.”

சபை கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். “எழுந்ததுக்கு ஒண்ணு சொல்லிடறேன். வண்டி சேத்துல நிக்கலை. நேரா போச்சு. பையன் வேலையைச் சரியாத்தான் பண்ணியிருக்கான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்தன்று நசுங்கிய மூக்கை மாலையால் மறைத்துக்கொண்டு பெரியம்மா சேற்றைக் கடந்து வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம்தான் இரண்டு சக்கரமும் விட்டுக்கொடுக்காமல் கிறீச்சிட்டு, பெண்ணுக்கு முன்னால் பெரியம்மாவின் கூச்சல் சர்ச்சுக்கு வந்துசேர்ந்தது. விருந்து முடிந்ததும் சார் முதல் வேலையாக அந்தப் பிரவுன் அட்டைப் புத்தகத்தைத் திறந்து, கட்டம் போட்ட ஒரு பத்தியை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு கியர் போடவே கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதிலிருந்து நான் எதையாவது முடித்துவிட்டேன் என்று சொன்னால் போதும், “ரெண்டு சக்கரத்தையும் தூக்கினீங்களா?” என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். மிக்சி ரிப்பேருக்கும் கேட்பார்கள், இன்கம்டாக்ஸ் ஃபாரத்துக்கும் கேட்பார்கள்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அதே சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு. புதுப் போதகர், அவருக்குக் கதை தெரியாது. “தடை ஏதேனும்...” என்று அவர் ஆரம்பித்ததும், முன்வரிசையில் எண்பத்தைந்து தாண்டிய என் மாமனார் கைத்தடியை ஊன்றி நிதானமாக எழுந்தார். போதகர் கையிலிருந்த காகிதத்தை இறக்கினார். மாமனார் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார், என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். எங்கள் வரிசையே சிரிப்பில் குலுங்கியது. ஷீலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைப் பையன் மட்டும் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். பாவம், அவன் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை.