செய்வினை ஒட்டுமா, ஒட்டாதா?

மண்ணெடுக்கும் சாமிக்கு வசந்தகுமார் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். மளிகைக் கடையில் பாக்கி வைத்தால் அடுத்த மாதம் பருப்பு தர மாட்டார்கள், அவ்வளவுதான். சாமியாரிடம் பாக்கி வைத்தால் பிள்ளை பிழைக்காது என்று சொல்லிவிடுவார். எந்தக் கடனை முதலில் அடைப்பீர்கள்? சாமிக்குத் தொழில் தெரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரும்பு உருட்டும் மில்லை ஒட்டிய காலனி அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் முன்பு கறிக்கடையில் நிற்கும். இப்போது மண்ணெடுக்கும் சாமியின் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள், டாட்டா ஏஸில் நின்றுகொண்டே வருகிறார்கள். காக்களூரிலிருந்து ஒரு லேத் பட்டறை முதலாளி காரிலேயே வந்தார். "படிச்சவங்களே வர்றாங்கப்பா" என்று அதற்கு ஒரு பெருமை. படித்தவன் ஏமாந்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி போலிருக்கிறது.

சாமியின் முறை ரொம்பச் சுத்தம். உங்கள் வாசற்படி மண்ணில் ஒரு பிடி அள்ளி வந்து வாழை இலையில் கொட்ட வேண்டும். சாமி கண்ணை மூடிக்கொண்டு, சிவப்புப் பட்டு சுற்றிய தண்டத்தை அதன்மேல் ஆட்டுவார். மண்ணுக்குள்ளிருந்து கரும்பொடி துள்ளி எழும். பட்டுத்துணியில் முள்முள்ளாகக் குத்திட்டு நிற்கும். கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"பாத்தியா, உனக்கு வெச்சத! உயிரோட கீது பாரு!"

பிறகு மந்திரம். தண்டம் இலையின்மேல் போகும், வரும், போகும், வரும். ஒவ்வொரு முறையும் பட்டில் ஒட்டியதைக் குடத்துக்குள் வழித்து உதறுவார். கடைசியில் தண்டத்தை வைத்துக் காட்டினால் ஒரு தூசும் ஒட்டாது. எடுத்தாகிவிட்டது! கண்ணெதிரே நடக்கிற அதிசயத்தை எவன் மறுப்பான்? ஆனால் அடுத்த மாதம் அதே வாசலில் மறுபடியும் கரும்பொடி இருக்கும். மறுபடியும் எவனோ வைத்துவிட்டான். மறுபடியும் துட்டு. காலனியில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் எல்லா வீட்டுக்கும் செய்வினை. எல்லாருக்கும் எல்லாரும் வைத்திருந்தால், சமைக்கவும் தூங்கவும் அந்த ஜனங்களுக்கு நேரம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வசந்தகுமாரின் மகள் நந்தினி இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இருமல் விடவில்லை. அவன் மனைவி தமிழ்செல்வி மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினாள். சாமி பட்டுத்துணியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"கெழக்கால ஊட்டுக்காரி வெச்சிக்கிறாம்மா. முழுப் பாக்கியும் கட்டிக் கழிக்கிற வரைக்கும் பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா நான் பொறுப்பு இல்ல."

கிழக்கு வீட்டில் இருப்பது சைதா. தமிழ்செல்வி கம்பெனி வேலைக்குப் போகும் நாளெல்லாம் நந்தினிக்குச் சோறு போட்டவள். அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது. நந்தினிக்குப் பள்ளிக்கூடம் நின்றது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பஞ்சாயத்துப் பள்ளியின் சுமலதா டீச்சர் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினார்.

"இன்னாம்மா தமிழ்செல்வி, பொண்ண ஏன் அனுப்பல? இந்த வாரம் காந்தப் பாடம். இவ இல்லாம கிளாஸே தூங்குது."

"டீச்சர், அவளுக்கு வெச்சிக்கிறாங்க டீச்சர்."

"இன்னா வெச்சாங்க?"

"செய்வினை. நானே கண்ணால பாத்தேன். கருப்பு கருப்பா எழுந்து நின்னுச்சு."

"எழுந்து நின்னுச்சா?" டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் உள்ள விசேஷம். பையைத் துழாவி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றினார். "நந்தினி, இத உங்க வாசல் மண்ணுல ஓட்டணும். நம்ம கிளாஸ் சட்டம் இன்னா?"

"மொதல்ல சொல்லணும், அப்புறம் தொடணும் மிஸ்."

"சொல்லு. ஒட்டுமா, ஒட்டாதா?"

"ஒட்டாது மிஸ். ஆணி தான் ஒட்டும். இது வெறும் மண்ணு."

ஓட்டினாள். கைக்குட்டைக்குக் கருப்புத் தாடி முளைத்தது.

"மிஸ்! செய்வினை வந்துச்சு மிஸ்!"

"கீழ போடுடி! தொடாத! ஐயோ, டீச்சர், இன்னா வேல பண்றீங்க!" தமிழ்செல்வி அலறிய நேரத்துக்கு வசந்தகுமார் வந்து சேர்ந்தான். மில்லில் லோடு ஏற்றுகிறவன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து, பேசக்கூடத் தெம்பில்லை. வாசலில் நின்று சட்டையைக் கழற்றினான். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தினமும் செய்கிறபடி, வாசற்படியிலேயே நன்றாக உதறினான்.

நந்தினி காந்தத்தோடு ஓடிப்போய்ச் சட்டைக்குக் கீழே நீட்டினாள். கொத்துக்கொத்தாக வந்து அப்பியது.

"அப்பா... நீ தான் வெச்சியா?"

"ஏய், நான் இன்னாடி வெச்சேன்? இது சூடு இரும்புல இருந்து உரியிற செதிலுடி. மில்லு பூரா இதான் கெடக்குது. மூக்குல, காதுல, சோத்து டப்பால..." சொல்லிக்கொண்டே வந்த வாய் பாதியில் நின்றது. அவன் வாசலைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். சாமிக்கு மூன்று தவணை கட்டிய தன் கையைப் பார்த்தான்.

தமிழ்செல்வி லேசில் விடுகிறவள் இல்லை. "சரி, தூளே இருக்கட்டும். சாமி மந்திரம் சொன்னதும் ஒட்டலையே? அதுக்கு இன்னா சொல்ற?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இப்படிக் கேட்கிற வாயைத்தான் சாமியார்கள் முதலில் அடைப்பார்கள். டீச்சர் மகிழ்ந்துபோனார்.

"நீயும் பண்ணிப் பாரு. ஒரு பிடி மண்ண இலையில போடு. நந்தினி, அதே எடத்துல திரும்பத் திரும்ப ஓட்டு. ஒட்டினத உதறிக்கினே இரு. மந்திரம் ஒண்ணு சொல்லிக்கோ."

"எனக்கு மந்திரம் தெரியாது மிஸ். ரெண்டாம் வாய்ப்பாடு தான் தெரியும்."

"அது போதும்."

ஓரெண்டு ரெண்டு என்று ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு முறை இருமினாள். வாய்ப்பாடு முடியும்போது காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. இருந்த தூளையெல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி எது ஒட்டும்? ரெண்டாம் வாய்ப்பாட்டுக்கே செய்வினை ஓடிவிட்டது. மூன்றாம் வாய்ப்பாடு தேவைப்படவில்லை.

"நாம போட்ட தூளுக்கு நாமளே துட்டு கட்டிக்கினு இருந்தமா?" என்றான் வசந்தகுமார். தமிழ்செல்வி கிழக்கு வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வழக்கத்தைவிடக் கூட்டம். வசந்தகுமார் குடும்பம் வந்தது. பின்னாலேயே இரண்டாம் வகுப்பில் பாதி, அம்மா அப்பாக்களோடு வந்தது. சைதாவும் வந்தாள். தமிழ்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்; வருகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டிருந்தாள். "அட போடி, எனக்கு செய்வினை வெக்கத் தெரிஞ்சா மொதல்ல எங்க மாமியாருக்கு வெச்சிருக்க மாட்டனா?" என்றாள் சைதா.

வசந்தகுமார் மூன்று இலைகளைச் சாமியின் முன் வைத்தான். "மூணு எடத்து மண்ணு சாமி. எது எந்த எடம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க தான் சொல்லணும்."

சாமிக்கு உற்சாகம். மூன்று இலை என்றால் மூன்று வீட்டுக் காசு. முதல் இலையில் தண்டத்தை ஆட்டினார். தூள் எழுந்தது. "பங்காளி வெச்சது." அது பள்ளிக்கூட மைதானத்து மண். இரண்டாவது இலை. "ரெண்டாந்தாரம் வெச்சது." அது சைதா வீட்டு வாசல். கட்டின ஒருத்தியைச் சமாளிக்கவே முடியாமல் அவள் புருஷன் பழவேற்காட்டில் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது இலையில் தண்டம் இறங்கியதும் பட்டுத்துணி கரடி மாதிரி ஆகிவிட்டது. சாமியே ஒரு அடி பின்னால் போனார்.

"அடேங்கப்பா! இது உக்கிரம். இந்த ஊட்டுத் தலைவன் வர்ற அமாவாசைய பாக்க மாட்டான். ஊரெல்லாம் கடன் வாங்கினவன். செஞ்ச பாவம் சுத்திக்கினு கீது. யாரு ஊடு இது?"

"ஊடு இல்ல சாமி. வெளிய நிக்குது பாருங்க உங்க வெள்ளக் காரு, அதும் மேல இருந்து தொடச்சாந்தது."

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரிக்க, கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

"காத்துல... காத்துல வந்து ஒக்காந்துச்சு" என்றார் சாமி. அவர் வாழ்நாளில் சொன்ன முதல் உண்மை அது. அவருக்கே தெரியாது.

நந்தினி எழுந்தாள். "சாமி, உங்க காந்தம் வட்டமா, நீட்டமா? எங்க மிஸ் கிட்ட ரெண்டும் கீது."

அவ்வளவுதான். பிள்ளைகள் டிரவுசர் பையிலிருந்தும் பாவாடை மடிப்பிலிருந்தும் காந்தங்களை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். "ஒட்டும்! ஒட்டாது! ஒட்டும்!" என்று ஒரே கூச்சல். இலை இலையாகச் செய்வினை எழுந்தது. சாமி கட்டிக் காத்த வித்தையை ஏழு வயதுப் பிள்ளைகள் எச்சில் ஒழுகச் செய்து காட்டினார்கள்.

தமிழ்செல்வி சாமி உட்கார்ந்திருந்த மேடையில் ஏறினாள். சாமி தண்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் பட்டுத்துணியின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே பிவிசி பைப்பு. அதன் முனையில் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிய ஸ்பீக்கர் காந்தங்கள் நான்கு.

ஆட்டோக்கார அப்பாவு கண்ணைச் சுருக்கினார். "டேய், இவன் ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த துளசிராமன்டா! தாடி வெச்சா தெரியாதா? என் ஆட்டோ ஸ்பீக்கர எடுத்துக்கினு போனவன் இன்னும் தரல!"

"என் கம்மல அடகு வெச்சேனே பாவி!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். லேத் பட்டறை முதலாளி யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே கார் கதவைத் திறந்தார். அவருடைய பட்டறையிலும் இரும்புத் தூள்தான்.

சுமலதா டீச்சர் அதுவரை ஓரமாகத்தான் நின்றார். இப்போது பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பாடம் முடியல. மைதானத்துலயும் இதே தூளு, வாசல்லயும் இதே தூளு, காரு மேலயும் இதே தூளு. வெச்சது யாரு?"

பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. அத்தனை விரலும் ஒரே திசையில் நீண்டது. கொட்டகைக்கு மேலே, மில்லின் புகைபோக்கி ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை மாதமும் யார் வைத்தது, யார் வைத்தது என்று தரையைத்தானே பார்த்தார்கள்! அங்கேயே பத்துப் பதினைந்து பேர் இருமினார்கள்.

"நாளைக்கு மொதல்ல இவள ஜி.எச்.சுக்கு இட்டுக்கினு போறோம்" என்றாள் தமிழ்செல்வி. "அப்புறம் எல்லாரும் சேந்து மில்லு கேட்டுக்கு."

"வேல போயிடும்டி" என்றான் வசந்தகுமார்.

"எல்லாருக்கும் பயந்துக்கினே இரு. மொதல்ல சூனியத்துக்கு, இப்ப சூப்பர்வைசருக்கு."

அவன் புகைபோக்கியைப் பார்த்தான், இருமுகிற மகளைப் பார்த்தான். பிறகு, "வரேன்டி, வந்து தொலைக்கிறேன்" என்றான்.

துளசிராமன் கூட்டத்தின் விலா இடுக்கில் நழுவிக் காருக்குப் போகப் பார்த்தான். வசந்தகுமார் கையை நீட்டி மறித்தான்.

"சாமி, நம்ம பாக்கி ஒண்ணு கீதே. ஆறாயிரத்து எண்ணூத்தி அம்பது."

"அத உடு நைனா. தள்ளுபடி. சத்தியமா தள்ளுபடி. நீ கட்டினதையும் தரேன், வழிய மட்டும் உடு."

தந்துவிட்டுத்தான் போனான். அப்பாவு ஸ்பீக்கருக்கும் சேர்த்து. அவன் சொன்ன மந்திரங்களிலேயே பலித்தது 'தள்ளுபடி' ஒன்றுதான்.

பெரியவர்களே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் மட்டும் போதாது. ஒருநாள் நீங்களும் போய் அந்த இரண்டாம் வகுப்பில், அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். முட்டி இடிக்கும். பரவாயில்லை, மூளை எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.